மைக்கு சரியில்லையாம்!

"மைக்கு சரியில்லைய்யா!"

எங்கள் பக்கத்தில் நடக்கிற எந்த விசேஷத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்லூரி கருத்தரங்கம், காதுகுத்து, இரங்கல் கூட்டம், எதுவாக இருந்தாலும் இந்த வசனம் ஒரு தடவையாவது வரும். சொல்கிறவர் மைக்கை எங்கே பிடித்திருக்கிறார் என்று பார்த்தால் தொப்புளுக்கு நேராகப் பிடித்திருப்பார். மைக் செட் அண்ணாச்சி குற்றவாளி மாதிரி ஓடி வருவார், மைக்கை வாங்கித் தட்டிப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். மறுபடியும் அது தொப்புளுக்கே போகும். அப்புறம் வால்யூமைத் திருகுவார்கள். "கூஊஊஊ" என்று ஒரு ஊளை கிளம்பும், முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழும். "என்னய்யா செட்டு கொண்டாந்திருக்க?" என்று அண்ணாச்சிக்கு நாலு பேர் முன்னால் திட்டு விழும்.

பத்து வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து ஊளை எனக்குப் பழகிவிட்டது, அந்தத் திட்டு மட்டும் பழகவில்லை. எனவே இந்தக் கட்டுரை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மைக் சரியாகத்தான் இருக்கிறது. நமக்குத்தான் அதைப் பிடிக்கத் தெரியவில்லை. தெரியாதது கூடப் பரவாயில்லை, தெரிந்துகொள்ள மறுக்கிறோம். இதனால் நஷ்டம் யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது காது வலியோடு முடிகிற விஷயம் இல்லை.

முதலில் கொஞ்சம் பாடம். (ஓடாதீர்கள், செமஸ்டர் கேள்வி எல்லாம் கேட்க மாட்டேன் :-)

நம் மேடைகளில் இருப்பது பெரும்பாலும் டைனமிக் மைக். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய சின்னக் கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஒரு காந்தம். சத்தம் பட்டால் சவ்வு ஆடும், சுருளும் ஆடும், மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான். பேட்டரி வேண்டாம், தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டாம். வெயில், புழுதி, கீழே விழுவது எல்லாவற்றையும் தாங்கும். குளத்தூர், விளாத்திகுளம் கரிசல் புழுதியில் காலம் தள்ள இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது.

இதன் இன்னொரு குணம், இது லேசான காது மந்தம். தூரத்துச் சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது. இதைக் குறை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அதுதான் இதன் பெருமை. மேடைக்குக் கீழே ஓடும் ஜெனரேட்டர், பக்கத்துத் தெரு பட்டாசு, முன்வரிசைப் பெரியவரின் இருமல், இதெல்லாம் பெட்டியில் வராமல் இருப்பதற்குக் காரணம் அந்த மந்தம்தான். வாயைக் கிட்ட வைத்துப் பேசுகிறவருக்கு மட்டும் வேலை செய்ய வேண்டும் என்றே இதைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்து, திசை. மேடை மைக்குகளில் மிகப் பெரும்பாலானவை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்பவை அல்ல. இவை கேட்கும் எல்லையைத் தாளில் வரைந்தால் இதய வடிவம் வரும், அதனால் கார்டியாய்டு என்று பெயர். நமக்கு இதயத்தை விட வெற்றிலை நன்றாகத் தெரியும். ஒரு வெற்றிலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நுனிதான் மைக்கின் முகம். காம்புதான் வயர் போகிற வால். காம்பு சேருகிற இடத்தில் இலை உள்ளே வெட்டிக்கொண்டு போகிறதே, அந்தப் பள்ளம்தான் மைக்கின் செவிட்டுப் பக்கம். நேரே முகத்துக்கு எதிரே நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் அதில் பாதி, பின்னால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இது எப்படி நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மைக் உருண்டையின் வலைக்குள்ளே, சவ்வுக்குப் பின்பக்கமும் காற்று நுழைய ஓட்டைகள் இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டு வழியாகச் சவ்வை அடைகிறது. ஒன்று, பின் ஓட்டை வழியாக. அங்கே அதைத் தாமதப்படுத்த ஒரு தடுப்பு இருக்கிறது. இன்னொன்று, சுற்றிக்கொண்டு முன்பக்கமாக. இரண்டும் ஒரே நேரத்தில் சவ்வின் இரண்டு பக்கமும் வந்து தள்ளும்படி அந்தத் தாமதத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் சம பலத்தில் தள்ளினால் கதவு அசையுமா? அசையாது. அதுதான் சூட்சுமம்.

இதற்கு முன்னால் ஒரு திசை மைக் வேண்டுமென்றால் ஒரே கூட்டுக்குள் இரண்டு மைக்குகளை வைத்துச் சேர்த்தார்கள். பெரிசு, கனம், விலையும் அதிகம். ஒரே சவ்வில் இதைச் சாதித்தவர் அமெரிக்காவின் ஷூர் கம்பெனி பொறியாளர் பெஞ்சமின் பாயர். அவருடைய யூனிடைன் 55 மைக் 1939ல் வந்தது. எல்விஸ் பிரெஸ்லி படங்களில் காரின் முன்பக்கக் கிராதி மாதிரி ஒரு மைக் இருக்குமே, அந்த ஜாதிதான். 1966ல் அதே கம்பெனி எஸ்எம்58 கொண்டுவந்தது. இன்று உலகத்தில் எந்த ஊர் மேடையிலும் "மைக்" என்றால் மனசில் வரும் கம்பி உருண்டை உருவம் அதுதான். நம் ஊர் மைக் செட்டில் இருக்கும் அஹுஜாவோ, பெயர் தெரியாத டூப்ளிகேட்டோ, ரொம்பவும் அதே குடும்பம்தான்.

ஆக, இத்தனை மூளையைச் செலவழித்துப் பின்பக்கம் ஓட்டை போட்டிருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? உருண்டையோடு சேர்த்துக் கழுத்தை நெரித்துப் பிடிக்கிறோம். சினிமாவில் ராப் பாடுகிறவர் அப்படிப் பிடிக்கிறார், ஸ்டைலாம். கை மூடியவுடன் பின் ஓட்டைகள் அடைபடுகின்றன. வெற்றிலை போய் வட்டத் தட்டு ஆகிவிடுகிறது. மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கிறது, பெட்டியின் சத்தத்தையும் சேர்த்து. பெட்டி சத்தம் மைக்கில் ஏறி, மைக்கிலிருந்து மறுபடி பெட்டிக்குப் போய், திரும்ப ஏறி... அதுதான் ஊளை. அதற்கு அண்ணாச்சி என்ன செய்வார் பாவம்?

இப்போது தூரக் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்த அழுத்தம் பாதியாகும். வாய்க்கும் மைக்குக்கும் 2 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 12 அங்குலம் என்று வையுங்கள். 6 மடங்கு தூரம், எனவே மைக்குக்குக் கிடைப்பது தோராயமாக 6ல் 1 பங்கு. சக்திக் கணக்கில் பார்த்தால் 6 பெருக்கல் 6, அதாவது 36ல் 1 பங்கு. ஒரு சாண் தள்ளிப் பிடித்துவிட்டு, அதே சத்தம் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயரில் 36 மடங்கு கூட்ட வேண்டும். ஊளை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். ஒரு சாண் தூரத்தைச் சரிசெய்யப் பைசா செலவில்லை. நாமோ பெரிய பெட்டி வாடகைக்கு எடுக்கிறோம்.

பெட்டி என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்துக் குழாய் ரேடியோவை நாம் கேலி பண்ணுகிறோம். ஆனால் அதைக் கட்டியவர்களுக்கு விவரம் இருந்தது. குழாயை வேப்பமரத்து உச்சியிலோ நட்ட கம்பத்திலோ, ஊரைப் பார்த்துக் கட்டினார்கள். மைக் கீழே, பந்தலுக்குள். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது. ஊளை வந்தாலும் அபூர்வம். இப்போது ஆள் உயரப் பெட்டிகளை மேடைக்குப் பின்னால், பேசுகிறவர் முதுகுக்கு நேராக அடுக்குகிறோம், போட்டோவில் பேனர் மறைக்கக் கூடாதாம். மைக்கின் முகம் பேசுகிறவரைப் பார்க்கிறது. அவருக்குப் பின்னாலேயே பெட்டி. அதாவது வெற்றிலை நுனிக்கு நேராகப் பெட்டி! பெட்டி கத்தாமல் என்ன செய்யும்?

இந்தக் கத்தல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மைக் இல்லாத காலத்து மேடையிலிருந்து வந்திருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எங்கள் மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டிக்காரர், 1867ல் பிறந்தவர், 1922ல் மறைந்தார். அவர் காலத்து நாடக நடிகருக்கு மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டுமென்றால் உச்ச ஸ்தாயியில்தான் பாட வேண்டும். அன்றைக்கு அது தேவை, அது ஒரு சாதனை. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் அப்படித்தான், அந்த வாத்தியத்துக்கு மைக்கின் தயவு தேவையே இல்லை.

ஆனால் மைக் வந்த பிறகு என்ன நடந்தது? ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ் மாதிரி குரல்கள் வந்தன. காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான குரல்கள். பழைய நாடகக் கொட்டகையில் அந்தக் குரல்கள் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்குமா? மைக் செய்த பெரிய காரியம் சத்தத்தைப் பெரிசாக்கியது இல்லை. சத்தமில்லாத குரலுக்கு மேடையில் இடம் வாங்கிக் கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறோம் என்றால், மோட்டார் பம்பு செட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று கமலை இறைக்கிறோம் என்று அர்த்தம்.

"கொடைன்னா சத்தம் இருக்கணும்ல?" என்பார்கள். இருக்கட்டும், கொட்டு மேளத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் வில்லுப்பாட்டுக்கு? அது கதை. ஒரு சொல் போனால் கதையே போச்சு. வில், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை, பின்பாட்டு என்று ஆளுக்கொரு மைக் வைத்து, அத்தனையையும் எப்போதும் திறந்து வைத்து, அதற்கு மேல் எக்கோவை முழுசாக ஏற்றினால் அண்ணாவி சொல்லும் கதையில் "ஆமா" மட்டும்தான் நமக்குப் புரிகிறது. திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் ஊளைக்கு முன் கிடைக்கும் சத்தம் 3 டெசிபெல் குறையும் என்பது மேடை ஒலிக்காரர்களின் வாய்ப்பாடு. குடத்துக்கு மைக் தேவையா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். குடத்தின் சத்தம் பக்கத்து மைக்கிலேயே வந்துவிடும்.

எக்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. இரங்கல் அறிவிப்புக்குக்கூட எக்கோ வைக்கிறார்கள். "காலமானார்... மானார்... னார்..." இறந்தவர் மூன்று தடவை இறந்த மாதிரி இருக்கிறது. தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.

சரி, குறை மட்டும் சொன்னால் எப்படி. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பெட்டிகளை மைக்குக்கு முன்னால், மக்களைப் பார்த்து வையுங்கள். பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் கூடவே கூடாது. பேசுகிறவருக்கே கேட்க ஒரு பெட்டி வேண்டுமென்றால் அது மைக்கின் காம்புப் பக்கம், அவரைப் பார்த்து இருக்கட்டும்.

2. மைக்கை உடம்பில் பிடியுங்கள், தலையில் வேண்டாம். வாய்க்கும் அதற்கும் இரண்டு விரல், அதிகம் போனால் நாலு விரல் இடைவெளி. தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும்.

3. நேரே வாய்க்கு எதிரே வைக்காமல், கொஞ்சம் கீழேயிருந்து சாய்வாக, வாயைப் பார்க்கும்படி வையுங்கள். நம் பேச்சு எல்லாமே "பெரியோர்களே" என்றுதான் தொடங்குகிறது. அந்த "பெ"வில் வரும் காற்று நேரே சவ்வில் அடித்தால் "டொம்" என்று குண்டு போட்ட மாதிரி கேட்கும்.

4. கிட்ட வைத்தால் இந்த வகை மைக்கில் குரலின் கனம் கூடும். அது இயற்கை. ஆம்ப்ளிஃபயரில் பாஸ் திருகைக் குறையுங்கள், சொல் தெளிவாகிவிடும். பயந்துகொண்டு மைக்கைத் தள்ளி வைக்காதீர்கள்.

5. சரிபார்க்க ஊத வேண்டாம், தட்ட வேண்டாம். மைக் தாங்கினாலும் தாங்கும், குழாயின் யூனிட்டில் இருக்கும் சவ்வு தாங்காமல் போகலாம். பேசிப் பாருங்கள், அதுவும் நிகழ்ச்சியில் பேசுகிற அதே தூரத்தில், அதே குரலில்.

6. வால்யூமை மெல்ல ஏற்றி, ஊளை ஆரம்பிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து நன்றாகக் கீழே இறக்கி வையுங்கள். அதற்கப்புறம் திருகைத் தொட வேண்டாம். சத்தம் போதவில்லையென்றால் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோங்கள்.

7. பேசாதவர் மைக்கை அணைத்து வையுங்கள். கையைத் தொங்கப்போட்டுப் பெட்டியை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

8. நீள வயர் என்றால் மூன்று பின் உள்ளதை இரண்டு முனையிலும் பயன்படுத்துங்கள். ஒரு முனையில் ஒற்றைக் குச்சி ஜாக் போட்ட வயரை இருபது மீட்டர் இழுத்தால் கரண்டு இரைச்சல் "ம்ம்ம்" என்று வரத்தான் செய்யும். கரண்டு வயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

9. ஆடிக் காற்று அடிக்கும்போது மைக்குக்கு ஒரு பஞ்சு உறை மாட்டுங்கள். உருண்டையைத் திருகிக் கழற்றி, அதை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஊர்ப் புழுதியும் ஊர் எச்சிலும் சேர்ந்து வலைக்குள்ளே கரிசல் மண்ணே உருவாகியிருக்கும்.

எச்சில் என்றதும் ஒரு ஆட்சேபம் வரும். "பத்து பேர் பேசுற மைக்கு, வாய்கிட்ட வைக்க முடியுமா?" கொரோனாவுக்குப் பிறகு இது ரொம்ப நியாயமான கேள்வி போலத் தெரிகிறது. பதிலும் சுலபம்: ஒட்ட வைக்கச் சொல்லவில்லை, இரண்டு விரல் தள்ளித்தான் சொல்கிறேன். கைக்குட்டையால் துடைத்துக்கொள்ளலாம், உறை மாற்றலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் எச்சில் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் எச்சிலைத்தான் சொல்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. டீக்கடையில் இரண்டு வகை தம்ளர் இருந்த காலத்திலும் எச்சில் என்றுதான் காரணம் சொன்னார்கள்.

இப்போது, முதலில் சொன்ன நஷ்டத்துக்கு வருகிறேன்.

என் சித்தி வாக்கப்பட்ட ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு மே 1 கிராம சபைக் கூட்டத்துக்குக் கூடப் போயிருந்தேன். முன்பு வருஷத்துக்கு 4 தடவை நடந்த கிராம சபை, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 6 தடவை. அதற்காக மைக் செட் போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கி ஆளுக்குக் கால் மணி நேரம் பேசினார்கள். வாழ்த்து, நன்றி, மறுபடி வாழ்த்து.

பின்னால் தரையில் பெண்கள். சித்தி எழுந்து, கூட்டுக் குடிநீர்க் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது, வருகிற அன்றைக்கும் மேட்டுத் தெருவுக்கு ஏறவில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒருவர் மைக்கை எடுத்துப் போனார். கையில் கொடுக்கவில்லை. அவரே பிடித்துக்கொண்டு, ஒரு முழம் தள்ளி நீட்டினார். சித்தி வாய் அசைந்தது, பெட்டியில் ஒன்றும் வரவில்லை. "சத்தமா பேசும்மா" என்று முன்னாலிருந்து ஒரு குரல். சித்தி இன்னும் கூனிப் போனாள். யாரோ சிரித்தார்கள். "சரி சரி, எழுதிக் குடுங்க, பாப்போம்." மைக் முன்வரிசைக்குத் திரும்பிவிட்டது. தீர்மானப் புத்தகத்தில் தண்ணீர் பற்றி ஒரு வரிகூட ஏறவில்லை.

சித்தி வீட்டுக்கு வந்து சொன்னது இது: "எனக்குக் கொரல் இல்லய்யா. நமக்கு இதெல்லாம் எதுக்கு."

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். அவளுக்குக் குரல் இருக்கிறது. நாங்கள் காட்டில் மிளகாய் பறிக்கும்போது நாலு புஞ்சை தள்ளி இருப்பவளை ஒரே சத்தத்தில் கூப்பிடுகிறவள். ஒரு முழம் தள்ளி நீட்டிய கை அவள் குரலைத் திருடியது. அந்தக் கை வேண்டுமென்றே செய்ததா, தெரியாமல் செய்ததா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. விளைவு ஒன்றுதான். மைக்கை மாலை, பொன்னாடை மாதிரி ஒரு மரியாதைச் சாமானாக வைத்திருக்கிறோம். பெரிய மனுஷன் கையில் கொடுப்போம், மற்றவர்களுக்குக் காட்டுவோம். அதனால் பிடிக்கத் தெரிந்தவர்களும் இல்லை, கேட்கப்படுகிறவர்களும் இல்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் தோசைக் கரண்டியைக் கையில் கொடுத்து சித்திக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் "போலே, கிறுக்கா" என்று சிரித்தாள். அப்புறம் கரண்டியை வாய்க்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, வழக்கமாகப் பேசுகிற குரலில், மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வராததைச் சொன்னாள். தலையைத் திருப்பும்போது கரண்டியையும் திருப்பினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 2 கூட்டத்தில் அவள் எழுந்ததும் பழையபடி ஒருவர் மைக்கை நீட்டினார். "குடுங்கய்யா, நானே பிடிச்சுக்கிடுதேன்" என்று வாங்கிக்கொண்டாள். கத்தவே இல்லை. ஆனால் பந்தலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முடித்ததும் பக்கத்தில் இருந்தவள் கை நீட்டி மைக்கை வாங்கினாள். மேட்டுத் தெரு தண்ணீர் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது. தண்ணீர் இன்னும் ஏறவில்லை, அது வேறு சண்டை. ஆனால் இனிமேல் "யாரும் சொல்லலியே" என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஆகவே மக்களே, அடுத்த கூட்டத்தில் "மைக்கு சரியில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் அவர் கையைப் பாருங்கள். முன்வரிசையில் இருந்தால் மைக்கைப் பின்வரிசைக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், நீட்டாதீர்கள். இரண்டு விரல் என்று மட்டும் காதோடு சொல்லுங்கள். மைக் செட் அண்ணாச்சிக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள். வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்து.

பி.கு: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மைக்கைச் சரியாகப் பிடித்தால் 10 மணிக்கு முன்னாலேயே எல்லோரும் பேசி முடித்துவிடலாம். "ஹலோ, கேக்குதா?" என்று கேட்கும் நேரமே பாதி மிச்சம் :-)